"குறுக்கு வலிக்கு... ஒரு வேலையும் ஓட மாட்டேங்கு!" – வலியும் மனச்சோர்வும் சேர்ந்தால் தோட்டம் என்ன ஆகும்?

ஆனி பிறந்து சாரல் விழ ஆரம்பித்தால், குற்றாலத்துக்கு வெளியூர்க்காரர்கள் மட்டும் வருவதில்லை. செங்கோட்டை, கடையநல்லூர், பாவூர்சத்திரம், சுரண்டை பக்கத்துக் கிராமங்களிலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள். கார் பருவ நடவில் குனிந்து குனிந்து குறுக்கு பிடித்துக்கொண்டவர்கள், மூட்டை தூக்கித் தோள்பட்டை பிடித்துக்கொண்டவர்கள், முட்டி வீங்கிப் படி ஏற முடியாதவர்கள் எனப் பலர் அதில் உண்டு. எண்ணெய் தேய்த்து உருவிவிட்டுக்கொண்டு, பேரருவியிலோ ஐந்தருவியிலோ முதுகைக் கொடுத்து நிற்பார்கள். வெளியே வந்து துண்டை உதறும்போது வலி பாதி காணாமல் போயிருக்கும். பஸ் ஏறி ஊர் போய்ச் சேர்ந்து ராத்திரி பாயில் படுக்கும்போது, அது பழைய இடத்திலேயே வந்து உட்கார்ந்திருக்கும்.

அருவியில் கிடைத்த அந்தச் சுகம் பொய் இல்லை. அதேபோல, ராத்திரி திரும்பி வந்த வலியும் பொய் இல்லை. இந்த இரண்டுக்கும் நடுவில் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொண்டால், வருஷக்கணக்கில் வலியோடு இருக்கிற பல விவசாயிகள் ஏன் மெதுமெதுவாகத் தோட்டத்துக்குப் போவதையே விட்டுவிடுகிறார்கள் என்பது புரியும். அவர்களைத் திரும்பத் தோட்டத்துக்குக் கொண்டுவரும் வழியும் தெரியும்.

வலிக்கும் ஒரு மடை உண்டு

1965-ம் ஆண்டு ரொனால்ட் மெல்சாக், பேட்ரிக் வால் என்ற இரண்டு ஆய்வாளர்கள் வலியைப் பற்றிய பழைய கருத்தை மாற்றும் ஒரு விளக்கத்தைச் சொன்னார்கள். அதுவரை, முதுகில் அடிபட்டால் அந்தச் சேதி கம்பியில் ஓடும் கரன்ட் மாதிரி நேராக மூளைக்குப் போய்விடும் என்றுதான் பலரும் நினைத்திருந்தார்கள். அப்படி இல்லை, முதுகுத்தண்டில் ஒரு கதவு மாதிரியான ஏற்பாடு இருக்கிறது, அது எவ்வளவு திறந்திருக்கிறதோ அவ்வளவு வலிதான் மேலே போகும் என்றார்கள் இந்த இருவரும்.

குளத்துப் பாசனம் செய்கிறவர்களுக்கு இது சுலபமாகப் புரியும். குளத்தில் எவ்வளவு தண்ணீர் கிடந்தாலும், வயலுக்கு வருவது மடை திறந்த அளவுதான். அருவித் தண்ணீர் முதுகில் விழும்போதும், எண்ணெய் தேய்த்து அழுத்தி உருவும்போதும், தொடுதலையும் அழுத்தத்தையும் சொல்லும் நரம்புகள் வேகமாக வேலை செய்கின்றன. அவை வலியின் மடையைக் கொஞ்சம் இறக்கிவிடுகின்றன. இடித்துக்கொண்ட காலை உடனே கையால் தேய்ப்பதும் இதற்குத்தான். தண்ணீர் விழுவது நின்றதும் மடை பழையபடி ஏறிவிடுகிறது.

இதில் இன்னொரு விஷயம்தான் முக்கியம். மடையை இயக்கும் ஆள் கீழே மட்டும் இல்லை, மேலே மூளையிலும் இருக்கிறார். மூளையின் அடிப்பகுதியிலிருந்து முதுகுத்தண்டுக்கு இறங்கிவரும் நரம்புப் பாதைகள், செரட்டோனின், நார்அட்ரினலின் என்ற ரசாயனங்களைக் கொண்டு வலியைக் கூட்டவும் குறைக்கவும் செய்கின்றன. தூக்கம், சந்தோஷம், பயம், கவலை ஆகியவற்றில் பங்குள்ள ரசாயனங்களும் இவைதான். அதனால்தான் கல்யாண வீட்டில் ஓடியாடி வேலை செய்யும்போது தெரியாத முட்டி வலி, தவணை கட்டச் சொல்லி பேங்க்கிலிருந்து ஆள் வந்து போன ராத்திரியில் உயிரை எடுக்கிறது. முட்டி அதே முட்டிதான். மடைதான் வேறு அளவில் திறந்திருக்கிறது.

மூன்று மாதம் தாண்டினால் அது வேறு வியாதி

அரிவாள் வெட்டினால் வலிக்கும், புண் ஆறினால் போகும். இந்த வலி உடம்பின் காவல்காரன். ஆனால், மூன்று மாதத்துக்கு மேலும் நீடித்தாலோ, திரும்பத் திரும்ப வந்தாலோ மருத்துவர்கள் அதை 'நாள்பட்ட வலி' என்கிறார்கள். புண் ஆறிய பிறகும் நரம்புகளும் மூளையும் எச்சரிக்கையை நிறுத்தாமல் இருப்பதும் இதில் நடக்கும். திருடன் போன பிறகும் விடிய விடியக் குரைக்கும் நாய் மாதிரி.

2019 நவம்பரில் தனி மாவட்டமான தென்காசியில், இந்த வலிக்குக் காரணங்கள் நிறையவே இருக்கின்றன. கடனாநதி, ராமநதி, கருப்பாநதி, அடவிநயினார் அணைகளின் பாசனத்தில் கார், பிசானம் என நெல் நடவு. கீழப்பாவூர், ஆலங்குளம் பக்கம் சின்ன வெங்காயமும் காய்கறியும். புளியங்குடியில் எலுமிச்சை. எல்லாமே குனிந்தும் குத்தவைத்தும் தூக்கியும் செய்கிற வேலைகள். வயல் வேலை இல்லாத நாட்களில் பல வீடுகளில் பெண்கள் மடியில் முறத்தை வைத்துக்கொண்டு பீடி சுற்றுகிறார்கள். கழுத்தை வளைத்து, விரல்களை மட்டும் ஆட்டிக்கொண்டு, நாள் முழுக்க ஒரே இடத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். கழுத்து, தோள்பட்டை, மணிக்கட்டு எல்லாம் பிடித்துக்கொள்ளும். 2006-ல் தமிழ்நாட்டை உலுக்கிய சிக்குன்குனியா காய்ச்சலை நினைவில் வைத்திருப்பவர்களுக்கு, காய்ச்சல் போன பிறகும் மாதக்கணக்கில் விடாத மூட்டுவலியும் நினைவிருக்கும்.

ஓர் எலுமிச்சை விவசாயி

ஒரு விவசாயியை எடுத்துக்கொள்ளலாம். இவர் ஒரு தனி ஆள் இல்லை. பல ஊர்களில் இருக்கிற பலரைச் சேர்த்துச் சொல்லும் உதாரணம். வயது ஐம்பதைத் தாண்டியிருக்கிறது. இரண்டு ஏக்கர் எலுமிச்சை. தினமும் விடிகாலையில் போய், கீழே உதிர்ந்த பழத்தைக் குனிந்து பொறுக்கி, மேலே இருப்பதைத் தொரட்டியால் பறித்து, மூட்டை கட்டி மார்க்கெட்டுக்குக் கொண்டுபோவார். ஒரு நாள் மூட்டையைத் தூக்கும்போது குறுக்கில் சுளீர் என்றது. ஒரு வாரம் படுத்தார். வலி குறையவில்லை.

நான்கு மாதம் ஓடியது. வலி கொஞ்சம் குறைந்த நாளில், "விட்டதை எல்லாம் இன்னிக்கே பிடிச்சிரணும்" என்று ஏழெட்டு மரத்துக்கு ஒரே மூச்சில் பாத்தி கொத்தினார். மறுநாளிலிருந்து மூன்று நாள் எழுந்திருக்க முடியவில்லை. இப்படி இரண்டு மூன்று முறை ஆனதும், "குனிஞ்சாலே போச்சு" என்ற பயம் வந்துவிட்டது. குனிவதை விட்டார். பிறகு தோட்டத்துக்குப் போவதை விட்டார். பிறகு மார்க்கெட், டீக்கடை, கோயில் கொடை, சொந்தக்காரர் வீட்டு விசேஷம் என ஒவ்வொன்றாக நின்றது. பழம் மரத்தடியிலேயே கிடந்து அழுகுகிறது. மனைவி தனியாக ஆள் வைத்துப் பறிக்கிறார். கூலிக்குப் போக மிச்சம் இல்லை. "குத்தகைக்கு விட்டுரலாமா, வித்துரலாமா?" என்று மகன் போனில் கேட்கிறார். இவர் திண்ணையில் படுத்தபடி, "என்னவோ செய்யுங்க" என்கிறார்.

அந்த "என்னவோ செய்யுங்க" என்பதைக் கவனிக்க வேண்டும். இரண்டு ஏக்கரை மரம் மரமாகத் தெரிந்து வைத்திருந்தவர் சொல்லும் வார்த்தை இல்லை அது. இங்கே குறுக்கு வலியோடு மனச்சோர்வும் சேர்ந்துவிட்டது.

இரண்டும் ஒன்றையொன்று வளர்க்கும்

வலி இருந்தால் தூக்கம் கெடும். தூக்கம் கெட்டால் மறுநாள் வலி கூடும். வேலை நின்றால் வருமானம் நிற்கும், மரியாதை குறைந்ததுபோலத் தோன்றும், மனம் இறங்கும். மனம் இறங்கினால் மேலேயிருந்து மடையை அடைக்கும் ஆள் கையை விட்டுவிடுவார், வலி இன்னும் கூடும். 2003-ல் அமெரிக்காவில் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, மனச்சோர்வு உள்ளவர்களில் சராசரியாக 100-க்கு 65 பேருக்கு உடல் வலியும் இருந்தது. இரண்டும் சேர்ந்திருப்பவர்களுக்கு நடப்பது, குனிவது, தூக்குவது எல்லாமே வலி மட்டும் உள்ளவர்களைவிட அதிகம் பாதிக்கப்படுகின்றன.

உடம்பும் சும்மா இருப்பதில்லை. 2007-ல் வெளியான ஓர் ஆய்வில், சராசரியாக 67 வதுள்ள, நல்ல ஆரோக்கியமானவர்களை 10 நாள் படுக்கையிலேயே இருக்கச் சொன்னார்கள். அந்தப் பத்து நாளில் அவர்கள் கால்களில் மட்டும் சுமார் ஒரு கிலோ தசை கரைந்தது. வியாதியே இல்லாதவர்களுக்கே இப்படி என்றால், மாதக்கணக்கில் திண்ணையில் படுத்திருப்பவருக்குக் குறுக்கைத் தாங்கும் தசை என்ன ஆகும்? முன்பு 40 கிலோ மூட்டை தூக்கியபோது வந்த வலி, இப்போது ஒரு குடம் தண்ணீர் தூக்கினாலே வரும். "பாத்தியா, வியாதி முத்திப்போச்சு" என்று அவர் நினைப்பார். பல நேரம் முற்றியது வியாதி இல்லை, தேய்ந்தது தசை.

"மனசுலதான் வலி" என்று சொன்னால் விவசாயிகளுக்குக் கோபம் வரும். நியாயமான கோபம்தான். மனச்சோர்வைப் பற்றிக் கேட்பது, "நீங்க நடிக்கீக" என்று சொல்வதற்காக அல்ல. சர்க்கரை உள்ளவருக்குக் கால் புண் வந்தால், புண்ணுக்கும் மருந்து கட்டுவார்கள், சர்க்கரையையும் பார்ப்பார்கள். அதுபோலத்தான் இதுவும்.

எப்படிக் கண்டுபிடிப்பது?

கிராமத்தில் யாரும் "எனக்கு மனச்சோர்வு" என்று சொல்லிக்கொண்டு வருவதில்லை. "மேலு வலிக்கு, தூக்கம் வரமாட்டேங்கு, சோறு இறங்கல, ஒண்ணும் ஓடல" என்றுதான் வருவார்கள். உலகம் முழுக்க மருத்துவர்கள் முதலில் கேட்கும் கேள்விகள் இரண்டு. கடந்த இரண்டு வாரமாக மனம் இறங்கி, நம்பிக்கை இல்லாமல் இருக்கிறதா? வழக்கமாகப் பிடிக்கும் வேலைகளில் நாட்டமோ சந்தோஷமோ இல்லாமல் போய்விட்டதா? இதில் ஒன்றுக்காவது "பெரும்பாலான நாள் அப்படித்தான்" என்று பதில் வந்தால், மருத்துவரிடம் அதை வாய்விட்டுச் சொல்ல வேண்டும்.

வீட்டில் உள்ளவர்கள் கவனிக்க வேண்டியவை:
• மழை பெய்தால்கூட குளத்தில் தண்ணீர் எவ்வளவு என்று விசாரிக்காமல் இருப்பது.
• மாடு, மரம், பேரப்பிள்ளை என முன்பு உயிராக இருந்தவற்றில் ஆர்வம் போவது.
• விடிகாலை மூன்று மணிக்கே விழித்துக்கொண்டு யோசித்துக்கொண்டிருப்பது.
• வலியை மறக்க என்று ஆரம்பித்த மது, தினசரி ஆவது.
• "நான் இருந்து யாருக்கு என்ன பிரயோசனம்?" என்ற பேச்சு.

கடைசியாகச் சொன்னதை ஒருபோதும் சும்மா பேச்சு என்று விடக் கூடாது.

எது பலன் தந்திருக்கிறது?

2009-ல் அமெரிக்காவின் இண்டியானாவில் நடந்த ஆய்வில், முதுகு, இடுப்பு, முழங்கால் வலி மூன்று மாதத்துக்கு மேல் இருந்து, மனச்சோர்வும் சேர்ந்த 250 பேரை இரண்டு பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு வழக்கமான வைத்தியம். இன்னொரு பிரிவுக்கு மனச்சோர்வுக்கான மாத்திரையைச் சரியான அளவில் கொடுத்து, பிறகு வலியோடு வாழ்ந்துகொண்டே வேலையைக் கூட்டும் முறையை ஆறு முறை சொல்லிக்கொடுத்தார்கள். ஒரு வருஷம் கழித்துப் பார்த்தபோது, மனச்சோர்வு பாதியாவது குறைந்தவர்கள் முதல் பிரிவில் 100-க்கு சுமார் 16 பேர், இரண்டாவது பிரிவில் 37 பேர். வலி குறிப்பிட்ட அளவு குறைந்தவர்கள் முதல் பிரிவில் 17 பேர், இரண்டாவதில் 41 பேர். மனதுக்கும் சேர்த்து வைத்தியம் பார்த்ததில் வலியும் குறைந்தது. எல்லோருக்கும் குணமாகிவிடவில்லை என்பதையும் இதே எண்கள் சொல்கின்றன.

"அது அமெரிக்கா" என்று ஒதுக்க வேண்டாம். கோவாவில் ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கு வந்த, கடுமையான மனச்சோர்வு உள்ள 495 பேரிடம் டாக்டர் விக்ரம் படேல் குழுவினர் ஓர் ஆய்வு நடத்தி 2017-ல் 'லான்செட்' இதழில் வெளியிட்டார்கள். அதில் ஆலோசனை சொன்னவர்கள் டாக்டர்கள் இல்லை. பயிற்சி பெற்ற உள்ளூர் ஆட்கள். ஆறு முதல் எட்டு சந்திப்புதான். மனம் சரியான பிறகு வேலைக்குப் போகலாம் என்று காத்திராமல், பிடித்த வேலையையும் பயனுள்ள வேலையையும் கொஞ்சம் கொஞ்சமாகச் செய்ய வைத்தார்கள். மூன்று மாதத்தில் மனச்சோர்விலிருந்து மீண்டவர்கள், ஆலோசனை கிடைத்தவர்களில் 100-க்கு 64 பேர். கிடைக்காதவர்களில் 39 பேர்.

இரண்டு ஆய்வுகளும் சொல்வது ஒன்றைத்தான். வலி முழுசாகப் போகட்டும், பிறகு வேலை என்று காத்திருந்தால் இரண்டுமே நடக்காது. அளவாக வேலை செய்வதே வைத்தியத்தில் ஒரு பகுதி.

வலியைப் பார்த்து அல்ல, கடிகாரத்தைப் பார்த்து!

எலுமிச்சை விவசாயி செய்த தவறு, வலி இல்லாத நாளில் அளவுக்கு மீறி உழைத்ததும், வலிக்கும் நாளில் அடியோடு நிறுத்தியதும். இதை மாற்றப் பிசியோதெரபி நிபுணர்கள் சொல்லும் முறை இப்படிப் போகும்:

1. ஒரு வாரம் அளந்து பாருங்கள். ஒரே வேலையை, வலி தாங்க முடியாத அளவுக்குக் கூடும் முன் எத்தனை நிமிஷம் செய்ய முடிகிறது என்று நல்ல நாளிலும் மோசமான நாளிலும் குறித்துக்கொள்ளுங்கள். சராசரி 15 நிமிஷம் என்று வைத்துக்கொண்டால், 12 நிமிஷத்தில் ஆரம்பிக்க வேண்டும்.

2. அந்த 12 நிமிஷத்தைத் தினமும் செய்யுங்கள். வலி குறைவாக இருந்தாலும் 12-ல் நிறுத்த வேண்டும். கொஞ்சம் கூடுதலாக இருந்தாலும் 12-ஐ முடிக்கப் பார்க்க வேண்டும். செல்போனில் அலாரம் வைத்துக்கொள்ளலாம்.

3. வாரத்துக்கு ஒன்று இரண்டு நிமிஷம் மட்டும் கூட்டுங்கள். எட்டு பத்து வாரத்தில் அரை மணி நேரம் வந்துவிடலாம். இடையில் ஒரு வாரம் சறுக்கினால், முந்தின வாரத்து அளவுக்குப் போய்த் திரும்ப ஆரம்பிக்கலாம்.

4. வேலையை மாற்றி மாற்றிச் செய்யுங்கள். 20 நிமிஷம் குனிகிற வேலை என்றால், அடுத்தது நின்று செய்கிற வேலை. பழத்தைக் குனிந்து பொறுக்கிய பிறகு, மேஜை உயரத்தில் வைத்துத் தரம் பிரிக்கலாம். வெங்காயத் தாள் அறுக்கத் தரையில் குத்தவைக்காமல் ஸ்டூலில் உட்காரலாம். களைக்கு நீண்ட கைப்பிடி உள்ள களைக்கருவி, நெல்லுக்குக் கோனோவீடர். முழு மூட்டைக்குப் பதில் இரண்டு அரை மூட்டை. பீடி சுற்றுபவர்கள் முதுகைச் சுவரில் சாய்த்து, முறத்தைக் கொஞ்சம் உயர்த்தி வைத்து, அரை மணிக்கு ஒரு முறை எழுந்து நடக்க வேண்டும்.

5. தினமும் பிடித்த வேலை ஒன்றும் இருக்கட்டும். மரத்தைச் சுற்றி ஒரு நடை, கன்றுக்குட்டிக்குப் புல், டீக்கடையில் பத்து நிமிஷம். வருமானம் வராத வேலை என்று இதை விட்டுவிட வேண்டாம். மனதுக்கு இது அடியுரம்.

வீட்டில் இருப்பவர்களுக்கும் இதில் பங்கு உண்டு. "சோம்பேறி" என்று திட்டுவதும் கெடுதல். எல்லா வேலையையும் பிடுங்கிக்கொண்டு "நீங்க படுங்க" என்பதும் கெடுதல். தினமும் "வலி எப்படி இருக்கு?" என்று கேட்பதைவிட, "இன்னிக்குத் தோட்டத்துல என்ன செஞ்சீக?" என்று கேட்பது நல்லது.

ஊசியும் கடை மாத்திரையும்

மருந்துக்கடையில் வாங்கும் டைக்குளோபினாக், அசிக்ளோபினாக் மாத்திரைகள் சில நாள் வலிக்கு உதவும். மாதக்கணக்கில் போட்டால் வயிற்றில் புண், சிறுநீரகச் சேதம், ரத்த அழுத்தம் என்று போகும். வெயிலில் வேர்த்து, தண்ணீர் குடிக்காமல் வேலை செய்பவர்களுக்குச் சிறுநீரக ஆபத்து இன்னும் அதிகம். மாட்டுக்குப் போட்ட டைக்குளோபினாக், செத்த மாட்டைத் தின்ற பாறு கழுகுகளின் சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்து கூட்டம் கூட்டமாகக் கொன்றது என்பதால்தான், 2006-ல் மத்திய அரசு கால்நடைகளுக்கு அந்த மருந்தைத் தடை செய்தது. மனித உடம்பும் கழுகின் உடம்பும் ஒன்றல்ல. ஆனாலும், கைவைத்தியமாகத் தினமும் விழுங்குகிற மருந்து இல்லை இது என்பதற்கு அந்த ஒரு சேதி போதும். சீட்டு இல்லாமல் கிடைக்கும் 'உடனே கேட்கிற' மாத்திரைகளில் ஸ்டீராய்டு இருக்கலாம். அது சர்க்கரையை ஏற்றும், எலும்பைக் கரைக்கும்.

மனச்சோர்வு, நரம்பு வலி இரண்டுக்குமே கொடுக்கப்படும் மருந்துகளும் இருக்கின்றன. அமிட்ரிப்டிலின், டுலோக்செடின் ஆகியவை அந்த வகை. முன்பு சொன்ன மடையை மேலேயிருந்து அடைக்கும் ரசாயனங்களைத்தான் இவை கூட்டுகின்றன. மருத்துவர் சொல்லி மட்டுமே சாப்பிட வேண்டும். முழுப் பலன் தெரிய சில வாரங்கள் ஆகும். நாலு நாளில் கேட்கவில்லை என்று விட்டுவிடக் கூடாது. திடீரென நிறுத்தவும் கூடாது. கண் அழுத்தம், புராஸ்டேட், இதயக் கோளாறு உள்ளவர்கள் அதை முதலிலேயே மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும்.

இவை இருந்தால் காத்திருக்கவே கூடாது: சிறுநீர், மலம் கட்டுப்பாடு இழப்பது, கால் பலம் குறைவது, மரத்துப் போவது, காய்ச்சலோடு முதுகுவலி, காரணமில்லாமல் எடை குறைவது, விழுந்த பிறகு வந்த கடும் வலி. அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

எங்கே போவது?

முதல் படி, பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையம். 2021 ஆகஸ்ட் 5-ல் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்ட 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளோடு வீட்டுக்கே வந்து பிசியோதெரபி கொடுப்பதும் உண்டு. நடக்க முடியாதவர்கள் இருந்தால் ஊருக்கு வரும் சுகாதாரப் பணியாளரிடம் பெயர் கொடுக்கலாம். தென்காசியில் மாவட்டத் தலைமை அரசு மருத்துவமனை இருக்கிறது. மனநல மருத்துவர் எந்த நாளில், எந்த அறையில் பார்ப்பார் என்று அங்கே கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். பெரிய மருத்துவமனை தேவைப்பட்டால் திருநெல்வேலி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை.

போக வழி இல்லை, யாருக்கும் தெரிய வேண்டாம் என்பவர்களுக்கு 'டெலி மானஸ்' எண் 14416. மத்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய இலவச சேவை. இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம். தமிழக அரசின் 104 எண்ணும் உண்டு.

இன்னொன்றும் விவசாய வீடுகளுக்கு அவசியம். மனம் சரியில்லாத ஒருவர் இருக்கும் வீட்டில் பூச்சிமருந்து கைக்கெட்டும் இடத்தில் இருக்கக் கூடாது. பூட்டிய பெட்டியில் வைத்து, சாவி வேறொருவரிடம் இருக்க வேண்டும். கடலூர் மாவட்டம் காட்டுமன்னார்கோவில் பகுதியில், சென்னை 'சினேகா' அமைப்பைத் தொடங்கிய டாக்டர் லட்சுமி விஜயகுமார் குழுவினர், பேங்க் லாக்கர் மாதிரி ஊருக்குப் பொதுவான இடத்தில் பூச்சிமருந்தைப் பூட்டி வைக்கும் ஏற்பாட்டைச் செய்து பார்த்தார்கள். விவசாயிகள் அதை ஏற்றுப் பயன்படுத்தினார்கள். மிக மோசமான அந்தச் சில நிமிஷங்களைக் கடக்க, பூட்டிய ஒரு பெட்டி உதவும்.

விவசாயிகள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கேள்வி: ஸ்கேனில் 'டிஸ்க் விலகியிருக்கு' என்கிறார்கள். இனி குனியவே கூடாதா?
பதில்: வலியே இல்லாத 50 வயதுக்காரர்களை ஸ்கேன் எடுத்துப் பார்த்தாலும், 100-க்கு சுமார் 60 பேருக்கு டிஸ்க் பிதுங்கியிருப்பது தெரியும். தலைமுடி நரைப்பதைப் போன்ற வயது மாற்றம் அது. கால் பலவீனம் போன்ற ஆபத்து அறிகுறி இல்லாவிட்டால், மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு மெதுவாகக் குனிந்து பழகலாம்.

கேள்வி: முட்டி தேய்ந்திருக்கும்போது நடந்தால் இன்னும் தேயாதா?
பதில்: அளவான நடையும், தொடைத் தசைக்கான பயிற்சியும் முட்டிக்குப் பலம். தசை தாங்கினால் மூட்டின் மேல் சுமை குறையும். உடல் எடை கூடுதலாக இருந்தால் அதைக் குறைப்பதும் உதவும்.

கேள்வி: மனநல மாத்திரை சாப்பிட்டால் பழக்கமாகி, அது இல்லாமல் இருக்க முடியாதே?
பதில்: மனச்சோர்வு மாத்திரைகள் மது, புகையிலை போல அடிமைப்படுத்துபவை அல்ல. நிறுத்தும்போது மருத்துவர் சொல்படி படிப்படியாகக் குறைக்க வேண்டும், அவ்வளவுதான். தூக்க மாத்திரைகளில் சில பழக்கமாகும். அவற்றைச் சொந்தமாக வாங்கிப் போடக் கூடாது.

கேள்வி: இடுப்பு பெல்ட்டை நாள் முழுக்கப் போடலாமா?
பதில்: சுமை தூக்கும் நேரத்துக்கு மட்டும் சிலருக்கு ஆறுதலாக இருக்கும். பெல்ட்டையே நம்பி முதுகுத் தசைக்கு வேலை கொடுக்காமல் விடக் கூடாது.

கேள்வி: அம்மா மனநல டாக்டரிடம் வரமாட்டேன் என்கிறார். என்ன செய்வது?
பதில்: "மூட்டுவலிக்குக் காட்டிட்டு வருவோம்மா" என்று ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துப் போங்கள். அங்கே தூக்கம், சாப்பாடு, ஆர்வம் பற்றியும் டாக்டரிடம் நீங்களே எடுத்துச் சொல்லுங்கள். வலியிலிருந்து ஆரம்பித்தால் கதவு திறக்கும்.

குற்றாலம் பேரருவியைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். மலை உச்சியிலிருந்து வரும் தண்ணீர் நேராக ஆட்கள் தலையில் விழுவதில்லை. நடுவில் 'பொங்குமாங்கடல்' என்ற ஆழமான பள்ளத்தில் விழுந்து, வேகம் அடங்கி, பொங்கி வழிந்த பிறகுதான் கீழே வருகிறது. அந்தப் பள்ளம் தண்ணீரை நிறுத்துவதில்லை. மனிதன் நிற்கக்கூடிய அளவுக்கு அதன் வேகத்தைக் குறைக்கிறது. நாள்பட்ட வலிக்கான வைத்தியமும் அப்படித்தான். அந்த எலுமிச்சை விவசாயிக்கு வலி முழுசாகப் போகாமல் இருக்கலாம். ஆனால், 12 நிமிஷம் பழம் பொறுக்கிவிட்டு வந்து, "வடக்கு ஓர மரத்துல பிஞ்சு நல்லாப் பிடிச்சிருக்கு, குத்தகைக்கெல்லாம் விட வேண்டாம்" என்று அவர் மகனிடம் போனில் சொல்கிற நாள் வந்தால், அது பெரிய குணம்தான்.